கையால் பிடிக்கக் கூடாது

ராஜபாண்டி டிக்கெட்டை நான்காக மடித்துக் கைக்கடிகார வாருக்குள் செருகிக்கொண்டார். முப்பத்தோரு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு இறங்கும்போது தேடுகிற ஆட்களை அவருக்குப் பிடிக்காது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வண்டி அது. அவருடைய தங்கை பேரனுக்கு அன்றைக்குக் காதுகுத்து. மனைவி முத்துப்பேச்சிக்கு முன்பக்கம் ஓர் இடம் கிடைத்தது. சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு எதிரே நின்றார்.

"அந்தத் தம்பி எந்திரிக்கிறாரு பாருங்க. உக்காருங்க."

"அரை மணி நேரத்துக்கு எதுக்கு சீட்டு? நீ தட்டைப் பாரு. வெத்தலை சரியுது."

புது வண்டி. முன்பகுதியில் ஒரு பக்கம் சீட்டு போடாமல் வெறும் தரையாக விட்டிருந்தார்கள். மேலே வரிசையாகக் கைப்பிடி வார்கள் தொங்கின. ராஜபாண்டி அவற்றைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஓடும் கருவேலங்காட்டைப் பார்த்தபடி நின்றார். ஊரே பார்த்துப் பழகிய கண்டக்டர் நிற்பு அது. எழுபத்தொரு வயதில், கைத்தடி இல்லாமல் அவர் அப்படி நிற்பதைப் பார்க்க முத்துப்பேச்சிக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

கண்மாய்க் கரையிலிருந்து ஆடுகள் ரோட்டில் ஏறின. டிரைவர் பிரேக் போட்டார். பெரிய பிரேக்கும் இல்லை. தட்டில் ஓர் எலுமிச்சம்பழம் உருண்டது. அதைப் பிடித்துவிட்டு நிமிர்ந்த முத்துப்பேச்சி, அவருடைய இடுப்பு வலப்பக்கமாக ஒரு சாண் பின்னால் போவதைப் பார்த்தாள். அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்து போவதைப்போல, பதறாமல் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கட்டிய கையை அவிழ்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி மடங்கி, மல்லாந்து விழுந்தார். பின்னந்தலை படியின் இரும்பு விளிம்பில் பட்டது.

எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்தார். "ஒண்ணுமில்ல. வண்டியை எடுங்க," என்றார்.

பத்து நிமிடத்தில் நாக்குக் குழறியது. திருச்சுழியில் இறக்கியபோது அவருடைய வலது கை அவள் தோளில் நிற்காமல் வழுகிக்கொண்டே இருந்தது. அங்கிருந்து மதுரை. மறுநாள் காலை ஏழேகாலுக்கு டாக்டர் வெளியே வந்து, "ராஜபாண்டி கூட யாரு?" என்று கேட்டபோது முத்துப்பேச்சி எழுந்தாள். கையில் சீர்த்தட்டு இருந்தது. முந்தின நாள் காலையிலிருந்து அதை அவள் கீழேயே வைக்கவில்லை.

காரியம் முடிகிற வரைக்கும் அவளுக்கு அழுகை வரவில்லை. இடி விழுந்த பனை நிற்குமே, அப்படி நின்றாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எல்லோருக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "நின்னுக்கிட்டுத்தான் இருந்தாக." வேறு எதைச் சொல்ல வாய் திறந்தாலும் இதுவே வந்தது. திருப்பூரிலிருந்து வந்திருந்த மகள் பாண்டீஸ்வரி, அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று பயந்தாள்.

புத்தி சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிடிபடாமல் போனது ஒரே விஷயம். அவர் விழவே கூடாத ஆள். அதை மெஷினே சொல்லியிருந்தது.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். போன வருடம் குளியலறையில் வழுக்கியதிலிருந்து ராஜபாண்டி கைத்தடியோடு நடந்தார். அந்தச் சமயத்தில்தான் பந்தல்குடிக்காரனான ராஜகுரு அருப்புக்கோட்டைக்கு வந்தான். மதுரையில் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை பார்க்கிறவன். வயதானவர்கள் தடுமாறி விழாமல் இருப்பதற்கு, டிவி முன்னால் நின்று உடம்பை அசைத்து ஆடுகிற வீடியோ கேம்களை உருவாக்குவதும் ஆடவிட்டுச் சோதிப்பதும் அவனுடைய வேலை. கூடவே ரேணுகாதேவி என்ற பிசியோதெரபிஸ்ட். ஒரு கல்யாண மஹாலின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, பன்னிரண்டு பேரைச் சேர்த்தார்கள். ராஜபாண்டி சேர்ந்தார். துணைக்குப் போன முத்துப்பேச்சி, சத்துணவு அமைப்பாளராக இருந்து நோட்டும் பேனாவுமாகவே காலம் கழித்தவள் என்பதால், ஓரத்தில் உட்கார்ந்து வருகைப் பதிவு எழுதினாள்.

முதலில் வந்த ஆட்டத்தில் திரையில் ஆப்பிள் விழுந்தது. அப்படியும் இப்படியும் சாய்ந்து கூடையில் பிடிக்க வேண்டும். நாலு நாளில் எல்லோருக்கும் சலித்துவிட்டது.

"ஏன் தம்பி, இந்த ஊர்ல ஆப்பிளு எந்த மரத்துல இருந்து விழுகுது?" என்று கேட்டார் ராஜபாண்டி.

"அப்ப என்ன விழுகணும் ஐயா?"

"ஒண்ணும் விழுக வேண்டாம். வண்டி ஓடட்டும். திருச்சுழி ரூட்டுல நிக்கிறவன் உலகத்துல எங்க வேணாலும் நிப்பான்."

ஜவுளிக்கடை வீட்டு ஷம்சாத் பேகம் சிரித்தாள். "கண்டக்டருக்கு ரிட்டையர் ஆகி வருசம் பதிமூணு. இன்னும் விசில் வாயை விட்டு இறங்கலை."

"பாயம்மா, நீங்க இன்னும் டிக்கெட்டே எடுக்கலை. பேசாம உள்ள நகருங்க."

ராஜகுரு அதைச் சிரித்து விட்டுவிடவில்லை. இரண்டு நாள் ராஜபாண்டியோடு அதே ரூட்டில் போய்வந்து, ஒவ்வொரு வளைவையும் பள்ளத்தையும் போனில் பதிந்துகொண்டான். மூன்று வாரத்தில் பஸ் ஆட்டம் தயாரானது. திரையில் ரோடு ஓடும். வண்டி வளைகிற பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். பிரேக் போட்டால் எடையைப் பின்னால் வாங்க வேண்டும். காலை எடுத்து வைத்தால் மதிப்பெண் குறையும். டிவி மேல் இருக்கும் கேமரா, ஆளின் தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று பதினேழு புள்ளிகளைக் கண்டுபிடித்து, அவை எவ்வளவு ஆடுகின்றன என்று அளக்கும். விதி ஒன்றே ஒன்று. ரேணுகாதேவி அதை அட்டையில் எழுதியே ஒட்டியிருந்தாள்: கையால் எதையும் பிடிக்கக் கூடாது.

பிறகு, வீட்டில் வைத்துத் தினமும் கால் மணி நேரம் ஆட ஆளுக்கொரு கேமராப் பெட்டி தருவதாகச் சொன்னார்கள். அப்போது ஷம்சாத் பேகம் கையை உயர்த்தினாள்.

"என் வீட்டுக்குள்ள நான் தலையை விரிச்சுப் போட்டுட்டு இருப்பேன். அதையும் படம் பிடிச்சு மதுரைக்கு அனுப்புமாக்கும் இது?"

மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நியாயம்தானே என்று ராஜகுரு உடனே ஒப்புக்கொண்டான். படம் எதையும் சேமிக்காமல், பதினேழு புள்ளிகள் மட்டும் பதிவாகிற மாதிரி மாற்றிக் கொடுத்தான்.

ஆறு வாரம் ராஜபாண்டி வீட்டில் ஆடினார். மூன்றாம் வாரத்திலேயே அவருடைய மதிப்பெண் மற்றவர்களை விட்டு எங்கோ போய்விட்டது. ஆறாம் வாரம் தொண்ணூற்று மூன்று. ரேணுகாதேவி போன் செய்தாள். "ஐயா, எண்பதைத் தாண்டினவங்க கைத்தடி இல்லாம நடக்கலாம். எட்டாவது வாரம் நேர்ல வச்சு ஒரு தடவை பாத்துருவோம்." ராஜபாண்டி அன்றே கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். மஹாலில் இருந்த வெள்ளைப் பலகையில் அவர் பெயர் முதலில் ஏறியது.

எட்டாம் வாரம் வருவதற்கு நாலு நாள் முன்னால்தான் காதுகுத்து.

பதினாறாம் நாள் முடிந்த அடுத்த நாள் ராஜகுருவும் ரேணுகாதேவியும் வீட்டுக்கு வந்தார்கள். ராஜகுரு ஷேவ் செய்து பத்து நாள் இருக்கும். அவன் கண்ணும் முத்துப்பேச்சியின் கண்ணைப் போலத்தான் எதிலும் நிற்காமல் அலைந்தது.

"அம்மா, எனக்குத் தூக்கமே வரலை," என்றான். "எங்க கணக்குப்படி ஐயா விழுந்திருக்கவே கூடாது. எதைத் தப்பா அளந்தேன்னு தெரியணும். ஒரே ஒரு தடவை பாக்கிறீங்களா?"

லேப்டாப்பைத் திறந்தான். கறுப்புத் திரையில் பதினேழு வெள்ளைப் புள்ளிகள். முகம் இல்லை, வீடு இல்லை. ஆனாலும் அந்த இடது தோள் சற்றே இறங்கியிருந்த விதத்தில் அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தோல்பையை முப்பத்தோரு வருடம் சுமந்த தோள். முத்துப்பேச்சி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இதைப் பாருங்க. வண்டி வளையுது. முழங்கால் நடுங்குது, கணுக்கால் நடுங்குது. ஆனா இடுப்பு மட்டும் வலது பக்கமா ஒரு சாண் பின்னால போய் அப்படியே நின்னுருது. இடுப்பு ஆடலைன்னாத்தான் மெஷின் மார்க்கு போடும். காலு நடுங்குற மனுசனுக்கு இடுப்பு எப்படிம்மா ஆடாம இருக்கும்?"

புள்ளிகள் மறுபடி ஆடின. இடுப்புப் புள்ளி பின்னால் போனது. அவசரமே இல்லாமல். அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்து.

முத்துப்பேச்சி முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். பஸ்ஸில் பார்த்தது இதே அசைவு. அச்சு அசல் இதே அசைவு.

"என்னம்மா?"

"தெரியலப்பா," என்றாள்.

அவர்கள் காப்பியைக் குடிக்காமலேயே எழுந்து போனார்கள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் இருப்பது ஒற்றை அறை. கேமராவுக்கு முன்னால் எட்டடி தள்ளி நிற்க வேண்டும் என்றால், அறையின் கடைசியில் நீல நிறத் தண்ணீர் டிரம்மை ஒட்டித்தான் நிற்க முடியும். ஒரு வாரத்துக்கும் மேல் வருகிற மாதிரித் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம். நிரம்பியிருந்தால் இரண்டு பேர் தள்ளினாலும் நகராது. அதன் விளிம்பு சரியாக அவருடைய இடுப்பு உயரம். ஆடும்போதெல்லாம் அவர் இடுப்பை அதில் அணைத்துக்கொண்டு நின்றார். கண்டக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். ஒரு கையில் பணம், ஒரு கையில் டிக்கெட். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. அதனால் சீட்டு முனைக் கம்பியில் இடுப்பை முட்டுக் கொடுத்துவிட்டு வண்டி முழுக்க டிக்கெட் போடுவார்கள். அது பிடிப்பது என்று அவர்களுக்கே தோன்றாது. அது நிற்பது. ராஜபாண்டிக்கு நிற்பது என்றால் அதுதான்.

கையால் பிடிக்கக் கூடாது என்றார்கள். அவர் கையால் பிடிக்கவில்லை.

ஆறு வாரமும் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஒரு நாள் சொல்லக்கூடச் செய்தாள், "டிரம்முல ஈரம் இருக்கு, வேட்டி நனையுது பாருங்க" என்று. அவர் சொன்னார், "நனைஞ்சா காயும்." அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வேட்டி நனைவது கண்ணில் பட்டவளுக்கு மற்றது படவில்லை.

அவள் எழுந்து போய் அவர் நின்ற இடத்தில் நின்றாள். கண்ணை மூடி வலப்பக்கம் சாய்ந்தாள். டிரம் அவளைத் தாங்கிக்கொண்டது. எவ்வளவு வசதியாக இருந்தது. உடனே விலகி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தாள். போனவரைப் பற்றி ஊர் இப்போது ஒரு பேச்சுத்தான் பேசுகிறது: பன்னிரண்டு பேரில் முதல் ஆள், நின்ற நிலையில் போய்ச் சேர்ந்தார். இதைச் சொன்னால் அது இப்படி மாறும்: டிரம்மில் சாய்ந்துகொண்டு மார்க்கு வாங்கினார், கள்ள ஆட்டம் ஆடினார். பெண்டாட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள். கள்ள ஆட்டம் என்பது பொய். அவள் பார்த்துக்கொண்டே இருந்தது பொய் இல்லை.

மறுநாள் காலை ஷம்சாத் பேகம் போன் செய்தாள். பத்து நாளாகத் தினமும் செய்கிறாள்.

"சாப்பிட்டியா பேச்சி?"

"ஆச்சுக்கா."

"பொய் சொல்லாத. நான் வெள்ளிக்கெழமை பரளச்சிக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. ரெண்டு நாள்ல வந்துருவேன். வந்து உன்கூட இருக்கேன்."

"யாரு கூட வாரா?"

"யாரு வரணும்? பஸ்ஸுலதான் போறேன். எனக்கும் போன வாரம் எண்பத்து நாலு வந்துருச்சுல்ல. கம்பைத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. கண்டக்டர் இருந்தா, 'பாயம்மா இப்பத்தான் டிக்கெட் எடுத்திருக்காக'ன்னு கேலி பண்ணியிருப்பாரு. சரி, வைக்கிறேன்."

முத்துப்பேச்சி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அக்கா வீட்டில் ஆடுகிற இடத்தில் என்ன இருக்கிறது? கட்டிலா, பீரோவா? மற்றப் பத்துப் பேர் வீட்டில்? எட்டடி தள்ளி நிற்க நடுவில் இடம் இருக்கிற வீடு இந்தத் தெருக்களில் எத்தனை?

சேலையை மாற்றக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மஹாலுக்கு நடந்தாள். துக்க வீட்டுக்காரி வெளியே இறங்குவதைத் தெருவே நின்று பார்த்தது.

ராஜகுரு தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் அதே புள்ளிகள்.

"அந்த மேசையை இங்க இழு," என்றாள் முத்துப்பேச்சி.

அவன் சாப்பாட்டு மேசையை இழுத்தான். அவள் அதன் விளிம்பில் இடுப்பை அணைத்து, கைகளை மார்பில் கட்டி, ராஜபாண்டி நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு சொன்னாள். டிரம்மைச் சொன்னாள், சீட்டுக் கம்பியைச் சொன்னாள், புது வண்டியில் முன்பக்கம் வெறும் தரை என்பதைச் சொன்னாள். வேட்டி நனைந்ததையும் விடவில்லை.

ராஜகுரு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து சுவரோரம் போய், அட்டையில் எழுதி ஒட்டியிருந்த விதியைப் படித்தான். நாலே சொல். திரும்பத் திரும்பப் படித்தான்.

"நான் அவரு கூட ரெண்டு நாள் வண்டியில போனேம்மா," என்றான். "அவரு அப்படித்தான் நின்னாரு. என் கண்ணு முன்னால நின்னாரு. நான் ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

உள்ளே வந்த ரேணுகாதேவி வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் கைப்பை தரையில் கிடந்தது. "கம்பை விடச் சொன்னது நான்," என்று மட்டும் சொன்னாள்.

"அதைப் பெறகு பேசுவோம்மா," என்றாள் முத்துப்பேச்சி. "வெள்ளிக்கெழமை ஷம்சாத் அக்கா பஸ் ஏறுறாக. முதல்ல போனைப் போடு."

அன்று மதியத்துக்குள் ஏழு பேர் வந்துவிட்டார்கள். மற்ற நாலு பேருக்கும், கம்பு இல்லாமல் வாசல் தாண்ட வேண்டாம் என்று போனில் சொல்லியாயிற்று. கூடத்தின் நடுவில், எந்தப் பக்கமும் எட்டாத தூரத்தில், சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டான் ராஜகுரு. ஷம்சாத் பேகத்தை அதற்குள் நிற்கச் சொன்னான். ரேணுகாதேவி இரண்டு கைகளையும் விரித்தபடி, தொடாமல் பின்னால் நின்றாள்.

"என்னம்மா, கோழி புடிக்கப் போற மாதிரி நிக்கிற?" என்றாள் ஷம்சாத்.

ரோடு ஓடியது. முதல் வளைவிலேயே அவள் முழங்கால் பின்னால் எதையோ தேடியது. கிடைக்கவில்லை. ரேணுகாதேவி சட்டென்று தாங்கிப் பிடித்தாள். மூன்று முறை ஆடினார்கள். மூன்று முறையும் பிடிக்க வேண்டியிருந்தது. திரையில் முப்பத்தொன்று என்று வந்தது.

ஷம்சாத் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்ல கட்டில் சட்டம் காலுக்குப் பின்னாடி இருக்கும்," என்றாள் மெதுவாக. "நான் சாயவே இல்லப்பா. அது சும்மா பட்டுக்கிட்டு இருக்கும். அவ்வளவுதான்." பிறகு முத்துப்பேச்சியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்திருந்தது. அருகே வந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரண்ல ஏறி யாருடி கம்பை எடுக்கிறது?" என்றாள்.

அப்போதுதான் முத்துப்பேச்சி அழுதாள். பதினெட்டு நாள் அழுகை. கள்ள ஆட்டம் என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் சொன்னார்களோ என்னவோ, அவள் காதுக்கு வரவில்லை. அந்த ஏழு பேரில் நாலு பேர் வட்டத்துக்குள் நிற்க முடியாமல் போனார்கள்.

சாயங்காலம் ரேணுகாதேவி ஆளுக்கொரு தாளாக எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். வீட்டில் எடுத்த மதிப்பெண்கள் ஒன்றும் செல்லாது. எல்லாம் முதலிலிருந்து. ராஜபாண்டியின் தாள் வந்தபோது அவள் பேனா நின்றது.

"இங்க குடும்மா," என்று முத்துப்பேச்சி வாங்கிக்கொண்டாள்.

முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று வரிசையாக ஆறு எண்கள். ஒவ்வொன்றின் மேலும் ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் கோடு இழுத்தாள். தொண்ணூற்று மூன்றின் மேலும் இழுத்தாள். 'கைத்தடி தேவையில்லை' என்ற வரியை அடித்தாள். தாளின் தலைப்பில், சேர்ந்த முதல் நாள் சுவரோரம் நிறுத்தி அளந்து எழுதியது இருந்தது. உயரம் நூற்று அறுபத்தேழு சென்டிமீட்டர். அதை அடிக்க வேண்டியிருக்கவில்லை.